மாதா எங்கள் வீட்டில் தங்கிய மூன்று கிழமைகள்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இப்போது கதை மின்சாரத்தில்தான் வந்து நிற்கிறது. பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் நோ, ஊரில் கிடக்கும் காணி என்று எங்கே தொடங்கினாலும், ஒருவர் கைபேசியை எடுத்து இன்றைக்கு எத்தனை மணிக்கு விலை குறைவு என்று பார்ப்பார். உடுப்புத் தோய்க்க ஒரு நேரம், காருக்குச் சார்ஜ் போட ஒரு நேரம். போன மாதம் ஸ்ட்ரோம்மனில் ஒரு பிறந்தநாள் வீட்டில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "எங்கடை அப்பா அம்மாமார் இதொண்டும் பாக்காமல் எப்பிடிச் சமாளிச்சவை?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காமல் போனது.

அவர்கள் பார்த்தார்கள். பார்த்த விதம்தான் வேறு. அதை எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தமிழ் ஊரில் நாலாம் வகுப்பு வரை படித்தது. மிச்சம், போன போன இடங்களில் கையில் கிடைத்ததை வாசித்து வந்தது. உங்களில் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில், நாலு மாடிக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது. அப்பா எங்களுக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவர். பஸ் கழுவும் இடத்தில் வேலை. அம்மாவும் நானும் தம்பியும் ஒரு ஆனி மாதத்தில் வந்து இறங்கினோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. இரவு பத்து மணிக்கும் வெயில். இந்த நாட்டில் குளிர் என்று சொன்னவர்கள் எல்லாம் பொய் சொன்னார்கள் என்று அம்மா நினைத்தார். கார்த்திகை வந்ததும் அந்த நினைப்புப் போய்விட்டது.

அறைக்கு ஒன்றாக யன்னலுக்குக் கீழே சுவரில் மாட்டிய மின் ஹீற்றர்கள் நாலு. அவற்றின் மேல் விளிம்பில் கையை வைத்தால் தூசி கருகும் மணம் வரும். அந்த மணம் எனக்குப் பிடிக்கும். அப்பாவுக்கு அது பிடிக்காது. மணம் வருகிறதென்றால் கறண்டுக் காசு போகிறது. சித்தப்பா அப்போது ஊரில் இருந்தார். காசு சேர்த்து அவரை எப்படியாவது அந்தச் சண்டைக்குள் இருந்து வெளியில் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அப்பாவின் முழு நினைப்பும். யாராவது ஹீற்றரைப் போட்டால், "உங்கடை சித்தப்பாவைப் போட்டு எரிக்கிறியள்" என்பார். அது எனக்கு நீண்ட நாள் பயமாக இருந்தது.

வந்த புதிதிலேயே அப்பா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். சுடுதண்ணீர் வாடகையோடு சேர்ந்தது. எவ்வளவு திறந்தாலும் ஒரே வாடகைதான். மின்சாரம் மட்டும் எங்கள் பெயரில் வரும். "சுடுதண்ணி கட்டடத்தின்ரை. கறண்டு எங்கடை," என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். அதனால் பின்னேரம் அப்பா வேலையால் வந்ததும் குளியல் தொட்டியைக் கழுத்துவரை சுடுதண்ணீரால் நிரப்பி, குளியலறைக் கதவை அகலத் திறந்து விடுவார். ஆவி மெல்ல மெல்ல விறாந்தைக்கு வந்து அறைக்குள் நுழையும். நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில், கதவுக்குப் போர்வை தொங்கவிட்டு, கம்பளத்துக்குக் கீழே பழைய பேப்பர் விரித்துப் படுத்தோம். தண்ணீர் ஆறினதும் அதைத் திறந்துவிட்டுத் திரும்ப நிரப்புவார். அப்பா கண்டுபிடித்தவற்றில் அதுதான் பெரியது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

பிறகு அந்த ஓட்டைகள். உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். யன்னலுக்கு மேலே, உள்ளங்கை அளவில், தகர மூடி போட்டு, வெளிக்காற்று உள்ளே வருவதற்கென்றே வைத்தது. "வீடு கட்டின ஆக்கள் பூச மறந்துபோய் விட்ட ஓட்டையோ?" என்று அம்மா கேட்டார். "வெயில் காலத்துக்கு வைச்சிருப்பாங்கள்," என்றார் அப்பா. அம்மா பிளேனில் உடுத்து வந்த நூல் சேலை மூன்றாகக் கிழிக்கப்பட்டது. மூடிக்குள்ளே போகிற அளவு சின்னக் கை எனக்குத்தான். கதிரையில் ஏறி, குழாயின் கடைசி வரைக்கும் துணியைத் திணித்து, மேலே ரேப் நாடா ஒட்டினேன். மூன்று ஓட்டை. இறங்கினதும் அம்மா என் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்து, "கெட்டிக்காரி" என்றார். அந்த வருடம் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கூட என் பெயரைச் சொல்லப் பழகவில்லை.

மின்சார மானி படிக்கட்டில், ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டிக்குள் இருந்தது. இப்போதுள்ள இலக்கப் பெட்டி அல்ல. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளித் தட்டு, விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. கறண்டு போகப் போகத் தட்டுச் சுற்றும். அப்பா உள்ளே நின்று லைற், ஹீற்றர் என்று ஒவ்வொன்றாக நூர்த்து நிறுத்துவார். நான் படிக்கட்டில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இப்ப?"

"ஓடுது அப்பா."

"இப்ப?"

"நடக்குது."

"இப்ப என்னெண்டு பார் பிள்ளை."

"நிண்டு நிண்டு போகுது."

நிண்டு நிண்டு போனால் அப்பாவுக்குப் போதும். அந்தத் தட்டுச் சிவப்புக் கோட்டோடு மெல்லத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு குளிருக்குள் நின்றது எனக்கு இன்றைக்கும் கால் பெருவிரலில் தெரிகிறது. அந்தப் பெட்டிகளை எல்லாம் கழற்றிவிட்டார்கள். எங்கே போட்டார்களோ.

மார்கழியில் யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் ஐஸ் பிடித்தது. தம்பி நகத்தால் அதில் மாடும் வள்ளமும் கீறுவான், பிறகு நக்குவான். அதே மாதத்தில்தான் அவனுக்கு இருமல் தொடங்கியது. முதலில் விடியக்காலையில் மட்டும். பிறகு ஓடினால். பிறகு சிரித்தாலே. அம்மாவின் கணக்கில் குளிர்தான் காரணம். கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார், நெஞ்சில் தைலம் பூசினார், வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டுவிட்டார். கதவிடுக்கில் இன்னும் துணி வைத்தார். கீழே பாலர் பள்ளியில் குழந்தைகளைப் பனிக்குள் தள்ளுவண்டிலில் படுக்க வைத்திருப்பதை யன்னலால் காட்டி, "பாருங்கோ இந்தச் சனத்தை. பிள்ளைப் பாசமே இல்லாத சனம்," என்பார். அந்தக் குழந்தைகள் கன்னம் சிவந்து நித்திரை கொள்வார்கள். தம்பி தொப்பியோடு யன்னலடியில் நின்று அவர்களைப் பார்த்து இருமுவான்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை மாதா வந்தார்.

உங்களில் சிலருக்கு இது புதிதாக இருக்கலாம். அப்போது ஒஸ்லோவிலும் சுற்றுப் பக்கத்திலும் எங்கள் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம். ஒரு மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு கிழமை. அந்தக் கிழமை முழுவதும் பின்னேரத்தில் எல்லோரும் அந்த வீட்டுக்கு வந்து செபமாலை சொல்லுவார்கள். சனிக்கிழமை சுரூபம் அடுத்த வீட்டுக்கு வெளிக்கிடும். பொறுப்பு மூப்பருக்கு. மன்னார்க் கரையில் கோயில் மூப்பராக இருந்தவர். இங்கே பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கும் வேலை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவருடைய பழைய வானின் முன் இருக்கையில், பெல்ற் போட்டு, கம்பளிச் சால்வை சுற்றி மாதாவைக் கொண்டுவந்தார். முழங்கால் உயரம், மூக்கு நுனி கொஞ்சம் உடைந்தது.

சால்வையைக் கழற்றப் போனபோது அம்மா தடுத்தார். "இருக்கட்டும் மூப்பர். வீடு குளிர்."

"அவவுக்குப் பழக்கம் பிள்ளை," என்றார் மூப்பர். "எங்களுக்கு முந்தி வந்தவ. அநேகமாய் இப்ப குடியுரிமையும் எடுத்திருப்பா."

அன்று முப்பது பேராவது வந்தார்கள். வாசலில் சப்பாத்து மலை. பனி உருகி விறாந்தையெல்லாம் தண்ணீர். குளிர்ச்சட்டைகளை எல்லாம் வாங்கி அறையில் கட்டிலில் குவித்தோம்; கூரையைத் தொடும்போல இருந்தது. அம்மா குசினியில் பெரிய பானையில் கடலை அவித்தார். மெழுகுதிரி, சாம்பிராணி, ஈரக் கம்பளி, வேலையால் நேரே வந்தவர்களின் வியர்வை, கடலை. செபமாலையின் ஐந்து காரணிக்கங்களில் முதலாவது முடிய முந்தியே யன்னலில் ஐஸ் வழியத் தொடங்கிவிட்டது. அப்பா சுவரோடு சாய்ந்து நின்றவர் ஹீற்றருக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவின் காதில் சொன்னார்:

"இஞ்சாரும், எல்லா ஹீற்றரையும் நூர்த்துப்போட்டு வாரும். சனத்தின்ரை சூடே காணும்."

எல்லோரும் போன பிறகும் வீடு சூடாக இருந்தது. சுவரில் கன்னத்தை வைத்தேன், சுவரே சூடு. அப்பா படிக்கட்டுக்குப் போய் மானியைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முந்திப் பார்த்ததில்லை. தட்டு நிண்டு நிண்டு போயிருக்கும்.

எனக்கும் சந்தோசம்தான், வேறு காரணத்துக்கு. லில்லெஸ்ட்ரோமில் இருந்து ஒரு குடும்பம் வரும். அவர்களின் மகளுக்கு என் வயது. செபத்தின்போது பிள்ளைகளை அறைக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் அந்தக் குளிர்ச்சட்டைக் குவியலுக்குள் புகுந்து சுரங்கம் செய்வோம். உள்ளே இருட்டு, சூடு, ஒவ்வொரு சட்டையிலும் ஒவ்வொரு வீட்டு மணம். எந்தச் சட்டை யாருடையது என்று மணத்தால் சொல்ல வேண்டும். தம்பி அதில் கெட்டிக்காரன். அவள் தன் கிளிப் ஒன்றை எனக்குத் தந்தாள். இந்த நாட்டில் என் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் பிள்ளை அவள்.

சனிக்கிழமை மூப்பர் சால்வையோடு வந்தார். மாதா லில்லெஸ்ட்ரோமுக்குப் போக வேண்டும். அப்பா அவருக்குக் கோப்பி கொடுத்து இருத்தினார்.

"மூப்பர், ஒரு நேர்த்தி இருக்கு," என்றார்.

"என்ன நேர்த்தி?"

"இவன் சின்னவன்ரை இருமலுக்கு. மூண்டு கிழமை மாதா இஞ்சை இருக்க வேணும் எண்டு நேர்ந்துபோட்டன்."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது அப்போதுதான் தெரியும். மூப்பர் தம்பியைப் பார்த்தார். தம்பி இருமினான், கேட்டு இருமியதுபோல இருந்தது.

"நேர்த்தியெண்டால் நான் என்ன சொல்லுறது," என்றார் மூப்பர். "லில்லெஸ்ட்ரோம் ஆக்கள் பொறுப்பினம். ஆனால் நேர்ந்ததை நிறைவேத்த வேணும் தம்பி. விளையாட்டில்லை."

அப்பா அந்த நேர்த்தியை எப்போது வைத்தார் என்று எனக்குத் தெரியும். ஹீற்றருக்கு மேல் கையை வைத்த நேரத்தில் வைத்திருப்பார். ஆனால் அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் செபம் முடியும்வரை முழங்காலில் நின்றார். கிழமை முடிவில் முழங்கால் இரண்டும் கருத்துப்போயிருந்தன.

இரண்டாம் கிழமை நடுவில், பின்னேரம், கட்டடத்தைப் பார்க்கும் நோர்வேக்காரர் வந்தார். வக்த்மெஸ்தர் என்று கூப்பிடுவோம். குழாய் உடைந்தாலும் படியில் உப்புப் போடவும் அவர்தான். வயதானவர், இடுப்பில் திறப்புக் கோர்வை, மேல் உதட்டுக்குக் கீழே புகையிலை. வெளியில் நின்று பார்த்தால் எங்கள் யன்னல்கள் மட்டும் வெள்ளையாய் உறைந்திருந்தனவாம். அதுதான் வந்தார். எனக்கு ஆறு மாதத்துப் பள்ளிக்கூட மொழி. வீட்டில் அதுவரை வந்த கடிதங்களுக்கும் தொலைபேசிக்கும் நான்தான் வாய். அப்பா "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். அவருடைய நோர்வே மொழி முழுவதும் அந்தத் தலையாட்டல்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் கதிரையில் ஏறி ரேப்பைக் கிழித்து, ஓட்டைக்குள் இருந்து அம்மாவின் சேலைத் துண்டை உருவினார். அது நனைந்து, கனத்து, சுருள் சுருளாய் வந்தது. பிறகு அலுமாரியை இரண்டு கையாலும் இழுத்துத் தள்ளினார். பின்னால் சுவர் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம், ஆட்டுத் தோல்போல. விரலால் தொட்டு என் மூக்குக்கு முன்னால் காட்டினார். தம்பியைக் காட்டினார். தானே இரண்டு தரம் இருமிக் காட்டினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, எனக்கு விளங்க வேண்டும் என்று மெல்லச் சொன்னார்: இந்த ஓட்டை திறந்து இருக்க வேண்டும். தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பக் கூடாது. இத்தனை பேர் வந்தால் யன்னலைத் திறக்க வேண்டும். பையனின் இருமல் இதில் இருந்துதான் வருகிறது. அப்பாவிடம் சொல்லு.

எல்லாம் எனக்கு விளங்கியது. அப்பா என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை சொல்லுறார்?"

நான் என்ன நினைத்தேன் என்று இத்தனை வருடமாய் யோசித்திருக்கிறேன். இதைச் சொன்னால் செபம் நிற்கும். சனம் வராது. லில்லெஸ்ட்ரோம் பிள்ளை வரமாட்டாள். அந்தக் குவியல் இருக்காது. நாங்கள் நாலு பேரும் போர்வைக்குப் பின்னால் திரும்பவும் இருப்போம். இவ்வளவும் நினைத்தேனோ, இல்லை பிறகு சேர்த்துக்கொண்டேனோ தெரியாது. வாய் சொன்னது இது:

"செபம் சத்தமாம் அப்பா. மெல்லச் சொல்லட்டாம்."

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு வக்த்மெஸ்தரைப் பார்த்து, "யா, யா," என்றார். அவர் தம்பியின் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனார். அலுமாரியை அப்பா திரும்பச் சுவரோடு தள்ளினார். அடுத்த நாள் பள்ளியால் வந்தபோது காய்ந்த துணி ஒன்று மேசையில் இருந்தது. கதிரை யன்னலடியில் இருந்தது. நான் ஏறித் திணித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முப்பது பேர் இரகசியக் குரலில் செபமாலை சொன்னார்கள். அப்பா வாசலிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவார். மூப்பருக்கு மெல்லக் கதைக்கவே தெரியாது. முதல் நாள் அவர் பட்ட பாட்டைப் பார்த்து ஒரு அன்ரி சொன்னார்: "மூப்பர் குசுகுசுக்கிறதைப் பாத்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த மாதிரியெல்லோ கிடக்கு."

"உங்கடை பாவத்தையும் சேத்துத்தான் சொல்லுறன் பிள்ளை, அதுதான் நேரம் போகுது," என்றார் மூப்பர், குரல் இல்லாமல்.

அறைக்குள் குவியலில் இருந்து கேட்டால் சொல் ஒன்றும் விளங்காது. காற்று ஒரு மரத்துக்குள் போய்த் திரும்பி வருகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வரும். பிள்ளைகள் நாங்களும் அப்படியே கதைக்கப் பழகிவிட்டோம். தம்பி மட்டும் கதைப்பதைக் குறைத்திருந்தான். விளையாடவும் வருவதில்லை. குவியலில் ஏறிப் படுத்துக்கொள்வான். நான் அவனுக்கு மேலே இன்னும் இரண்டு சட்டையை இழுத்து மூடிவிடுவேன்.

மூன்றாம் கிழமை வியாழக்கிழமை வெளியில் நல்ல குளிர். சனம் வழமையைவிடக் கூட. ஒரு வீட்டில் இருந்து பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். நான் அன்று கடலைக் கோப்பைகளை அடுக்க அம்மாவுக்கு உதவிவிட்டு, முன்னறைச் சாலையில் கதவோடு நின்றேன். நாலாம் காரணிக்கம் நடந்துகொண்டிருந்தது. சுவர் வேர்த்து வடிந்தது. அப்போது ஒரு விசில் சத்தம் கேட்டது. மெல்லிசாய், விட்டு விட்டு.

அம்மா கண்ணைத் திறந்தார். முழங்காலில் இருந்து எழும்பி, தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கிறது என்று நினைத்துக் குசினிக்குப் போனார். கேத்தில் அடுப்பில் இல்லை. கையில் துணியோடு குசினி வாசலில் வந்து நின்றார். செபம் ஒவ்வொருவராய் நின்றது. மூப்பர் செபமாலை மணியைப் பிடித்தபடி தலையைச் சரித்துக் கேட்டார். வழமைபோல எல்லோரும் உரத்துச் சொல்லியிருந்தால் அது யாருக்கும் கேட்டிருக்காது. சத்தம் அறைக்குள் இருந்து வந்தது.

மூப்பர்தான் முதலில் போனார். சட்டைகளை இரண்டு கையாலும் அள்ளி எறிந்தார். அடியில் தம்பி இருந்தான், தொப்பியோடு. வாய் திறந்திருந்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் தோள் காதுவரை ஏறியது. மூப்பர் அவனைத் தூக்கிக்கொண்டு பல்கணிக் கதவைக் காலால் தள்ளித் திறந்தார். குளிர் ஒரு சுவர்போல உள்ளே வந்தது. திரிகள் எல்லாம் அணைந்தன.

"கதவைச் சாத்துங்கோ," என்றார் அம்மா. "பிள்ளைக்குக் குளிர். கதவைச் சாத்துங்கோ மூப்பர்."

"பிள்ளைக்குக் காத்து வேணும்."

"அவனுக்குக் குளிர்தான் வருத்தம்."

அம்மா கதவை இழுத்தார். மூப்பர் ஒரு காலைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில் சொன்னார்: "நான் கடலுக்குள்ளை இருந்து எத்தினை பேரை இழுத்துப் போட்டனான் பிள்ளை. குளிராலை செத்தவன் ஒருத்தனும் இல்லை. விடு."

அம்மா விட்டார். அப்பா தம்பியை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார். சப்பாத்துப் போடவில்லை. வானுக்குப் போகும்வரை பனிக்குள் காலுறையோடு ஓடினார். மாதாவைக் கொண்டுவந்த அதே முன் இருக்கையில் வைத்துத் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வீட்டில் மிஞ்சியவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நான் கதிரையை இழுத்து யன்னலடியில் வைத்து ஏறினேன். ரேப்பைக் கிழித்துத் துணியை உருவினேன். பிறகு அறையில். பிறகு குசினியில். ஒரு அன்ரி என்னைக் கட்டிப் பிடித்து இறக்கி, "தம்பிக்கு ஒண்டும் நடவாது குஞ்சு, அழாதை" என்றார். நான் அழவில்லை. கையில் ஈரத்துணி இருந்தது. அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி பிழைத்தான். ஐந்து நாள் வைத்திருந்தார்கள். மூச்சுக்கு இழுக்கிற சின்ன நீலப் பம்பு ஒன்று கொடுத்து, அது இல்லாமல் அவனை வெளியே விட வேண்டாம் என்றார்கள். அவன் திரும்பி வந்தபோது மாதா லில்லெஸ்ட்ரோமுக்குப் போய்விட்டிருந்தார். அப்பா குளோரினால் சுவரைத் தேய்த்து இரண்டு தரம் வெள்ளை அடித்திருந்தார். ஓட்டைகள் திறந்திருந்தன. நாலு ஹீற்றரும் எரிந்தன. நான் படிக்கட்டுக்குப் போய் மானியைப் பார்த்தேன். சிவப்புக் கோட்டைக் காண முடியாத வேகத்தில் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா வந்து சேர இன்னும் மூன்று வருடம் எடுத்தது. அந்த மூன்று வருடத்தில் அவருக்கு அங்கே நடந்தது வேறு கதை. அதை அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதில்லை.

அம்மா கடைசி வரைக்கும், நேர்த்தி பலித்தது என்றுதான் சொன்னார். அவரைப் பொறுத்தவரை மாதா அந்த மூன்று கிழமையும் தங்கியதால்தான் பிள்ளை தப்பினான். வருடா வருடம் அந்த நாளுக்குக் கடலை அவித்தார். நான் தின்றேன்.

பதினேழு வயதில் நான் வீட்டை விட்டுப் போனேன். வடக்கே மீன் வெட்டும் தொழிற்சாலை, மலையில் ஒரு ஹோட்டல், கப்பல் குசினி, தக்காளிக் கூடாரம். சனம் பலதும் சொன்னது. பெட்டை தனிய இப்படித் திரிகிறாள் என்று அம்மாவுக்கு அது கரைச்சல். நான் வேலை தேடும்போது ஒன்றைத்தான் கேட்பேன், தங்கும் அறைக்குச் சூடு சம்பளத்தோடு சேர்ந்ததா என்று. சேர்ந்தது என்றால் சம்பளம் குறைந்தாலும் போவேன். அப்படி இருபது இருபத்தைந்து அறை இருக்கும். ஒன்றிலும் நான் ஓட்டையை மூடியதில்லை. இப்போது ஸ்ட்ரோம்மனில் ஒரு நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். முதுகு போய்விட்டது. இனி எங்கும் போவேன் என்று தோன்றவில்லை.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவைப் பார்க்கப் போனேன். எண்பது வயது. இன்னும் அதே வீட்டில்தான், தனிய. தம்பி லில்லெஸ்ட்ரோமில் நல்ல வீடு கட்டியிருக்கிறான். அதற்குள் காற்று வர ஒரு மெசின், போக ஒரு மெசின். அப்பாவின் மின்சாரக் கட்டணத்தையும் அவன்தான் கட்டுகிறான். ஆனாலும் அப்பா குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, மடியில் போர்வையோடு சாலைக் கதிரையில் இருந்தார். ஹீற்றர் நூர்ந்திருந்தது. நான் சூப் சூடாக்கிக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது யன்னலுக்கு மேல் ஓட்டைக்குள் ஒரு காலுறை.

"இதென்ன அப்பா?"

"குளிருது."

"தம்பி கண்டால் ஏசிப்பேசுவான்."

"அவன் பேசட்டும். அவனுக்குப் பேச உரிமை இருக்கு." சூப்பை ஊதினார். பிறகு கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு அந்த மனுசன் சொன்னது எனக்கு விளங்கினது, பிள்ளை."

எந்த மனுசன் என்று நான் கேட்கவில்லை.

"ரெண்டு வருசம் அவங்களோடை பஸ் கழுவினனான். கதைக்க வராது. கேட்டால் விளங்கும். இருமிக் காட்டினவர்தானே, அது ஆருக்கும் விளங்கும்."

"பிறகேன் என்னைக் கேட்டனீங்கள்?"

அப்பா கரண்டியால் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். சூப் பாதி ஆறிவிட்டது.

"நீ வேறை ஏதும் சொல்லுவியோ எண்டு பாத்தன்," என்றார். "சொன்னாய். எனக்கு அது வசதியாய்ப் போச்சு. நீ சொன்னபடிதானே நான் செய்தது எண்டு வைச்சுக்கொண்டன். துணியை மேசையிலை வைச்சதும் நான்தான்."

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. களைப்பாக இருந்தது. பத்து வயதில் இருந்து நான் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்றில் பாதி இந்த வீட்டிலேயே, இந்தக் கதிரையிலேயே இருந்திருக்கிறது. முந்தியே தெரிந்திருந்தால் இத்தனை அறை மாறியிருப்பேனோ தெரியாது. மாறியும் இருப்பேன்.

மேசையடிக் கதிரை ஒன்றை இழுத்து வைத்து ஏறினேன். முதுகு நொந்தது. கை இப்போது உள்ளே போகாது; இரண்டு விரலால் காலுறையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். மெல்ல வந்தது. பின்னாலேயே காற்று வந்து மணிக்கட்டில் பட்டது, ஊசிபோல.

இறங்கி ஹீற்றரைப் போட்டேன். தூசி கருகும் மணம் வந்தது. அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஓட்டையை அண்ணாந்து பார்த்தார்.

"மூடியைப் பாதி சாத்தன் பிள்ளை," என்றார்.

பாதி சாத்தினேன்.